கார்த்திகையில் பிறந்த வசந்தா

மாசி மாதத்தில் ஒரு மாலை, அக்கா மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம் முடிந்திருந்தது. "சித்தி, பெண் பிறந்தால் அம்மாச்சி பெயரையே வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். வசந்தா. சித்திரையில்தான் நாள் குறித்திருக்கிறார்கள், பொருத்தமாக இருக்கும் இல்லையா?" என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "வேண்டாம் என்று சொல்."

ஏன் என்று கேட்டேன். உடனே பதில் வரவில்லை. கீரையை முழுவதும் உருவி முடித்து, காம்புகளைச் செய்தித்தாளில் சுருட்டி ஓரமாக வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "அது எனக்கு வந்த பெயர் இல்லை. என் அப்பா ஆசைப்பட்டு வைத்தது. எனக்கு வர வேண்டிய பெயர் வேறு."

எழுபத்தேழு வயதில் ஒருத்தி தன் பெயரைத் தனது இல்லை என்று சொன்னால் அதை எப்படிக் கடந்து போவது? அன்றிரவு தூக்கம் வரவில்லை. வசந்தா என்ற பெயர் எங்கிருந்து கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று தேட ஆரம்பித்தேன். இரண்டு மாதம் அதே வேலையாக இருந்தேன்.

தாத்தா தையல்காரர். மதுரையில், மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தில் அவருக்கு ஒரு தூணோரம் இடம் இருந்தது. ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், துணி வெட்ட ஒரு பலகை. அந்த மண்டபத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்களின் சத்தம் அங்கே ஓயாமல் கேட்கும். இப்போது கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். 'புது' மண்டபம் என்று பெயரே தவிர, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது அது. எதற்காகக் கட்டினார் என்பதுதான் இந்தக் கதைக்கு வேண்டியது. வைகாசி மாதம் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கோயிலுக்குள்ளிருந்து வெளியே வந்து, வெயிலின் உக்கிரம் தணிய இளைப்பாறும் வசந்த உற்சவத்துக்காகக் கட்டப்பட்டது. சுற்றிலும் தொட்டி போல் பள்ளம் வைத்து நீர் நிரப்பி, காற்றைக் குளிரவைத்து, சாமியை நடுவில் எழுந்தருளச் செய்வதற்கான இடம். அதன் இயற்பெயர் வசந்த மண்டபம்.

தாத்தா வருடம் முழுவதும் உட்கார்ந்து சம்பாதித்த இடம் வசந்த மண்டபம். வைகாசி உற்சவ நாட்களில் மிஷினைத் துணி போட்டு மூடிவிட்டுச் சாமி வருவதைப் பார்ப்பாராம். 1947ஆம் வருடம் கார்த்திகை மாதம், அடைமழையில் அம்மா பிறந்தபோது, அவர் வைத்த பெயர் வசந்தா. மழைக்காலத்தில் பிறந்த குழந்தைக்கு வெயில்காலத்தின் பெயர்.

வீட்டில் பெரிய சண்டை நடந்திருக்கிறது. முதல் பெண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பது அந்த வீட்டு வழக்கம். பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவைதானே. தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குகிறவர்கள். தாத்தாவின் அம்மா பெயர் பேச்சியம்மாள். குலதெய்வமும் பேச்சியம்மன். சாமி பெயரும் கிழவி பெயரும் ஒன்றாக இருக்கும்போது அதை விட்டுவிட்டு, காலத்தின் பெயரைக் குழந்தைக்கு வைப்பதா? பேச்சியம்மாள் கிழவி கடைசிவரை 'வசந்தா' என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. பேச்சி என்றுதான் கூப்பிட்டாள். அம்மாவுக்கு ஒன்பது வயதாகும்போது கிழவி போய்ச் சேர்ந்தாள். அதோடு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லாமல் போயிற்று.

இது எனக்கு அன்றுவரை தெரியாது.

வசந்தம் என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். நம்மிடம் அதற்கு முன்பே ஒரு சொல் இருந்தது: இளவேனில். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தவர்கள் நாம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். இந்தச் சொல்லை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். வேனில் என்பதற்குள் இருப்பது 'வே', வேகுதல். இளவேனில் என்றால் இளம் வெப்பம். பனி உருகி, புல் துளிர்த்து, மக்கள் கம்பளியைக் கழற்றும் பருவம் இல்லை இது. வேம்பு பூத்து, புங்கை தளிர்த்து, கொன்றை மஞ்சளாய்ச் சரம் தொங்கி, மாமரத்தில் குயில் கத்தும் பருவம். ஆனால் கால் வைத்தால் தரை சுடும். நம் வசந்தத்தில் பூவும் தீயும் சேர்ந்தே இருக்கின்றன. தொல்காப்பியம் வேனிலைப் பாலைத் திணைக்குக் கொடுத்ததும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாலை பிரிவின் திணை. பொருள் தேடிப் போனவன் இளவேனிலில் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போவான். பருவம் வரும், அவன் வரமாட்டான்.

ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய இளவேனிற் பத்து முழுவதும் இந்த ஒரே வலிதான். பத்துப் பாட்டும் ஒரே அடியில் தொடங்குகின்றன: 'அவரோ வாரார் தான்வந் தன்றே.' அவர் வரவில்லை, இது வந்துவிட்டது. இந்த நான்கு சொற்களைவிடக் கச்சிதமாக யாரும் ஒரு பருவத்தைக் குற்றம் சாட்டியதாக நான் படித்ததில்லை. பூத்த மரத்தைப் பார்த்து மகிழ்கிறவள் அல்ல இந்தப் பெண். பூத்துவிட்டதே என்று பதறுகிறவள்.

இந்த மண்ணில் வசந்தம் என்ற சொல்லைப் பெயராகத் தாங்கிய ஒரு பெண்ணைத் தேடிப் போனால், கிடைப்பவள் ஒரு தோழி. சிலப்பதிகாரத்தின் வசந்தமாலை. மாதவிக்குப் பக்கத்தில் நிற்பவள், அவளுடைய ஏவலைச் செய்பவள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள் பெயரைக் கடந்து போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. இப்போது வேனிற்காதையை மறுபடியும் எடுத்து வாசித்தபோது, அந்தக் காதையே அவள் பெயரைச் சுற்றிக் கட்டப்பட்டதாகத் தெரிந்தது. கானல்வரியில் ஊடி, கோவலன் பிரிந்து போய்விட்டான். இளவேனில் வருகிறது. மாதவி தாழை மடலை எடுத்து, பித்திகை மொட்டை எழுத்தாணியாகப் பிடித்து, செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்துக் கடிதம் எழுதுகிறாள். இளவேனில் என்பவன் இளவரசன், திங்களும் செவ்வியன் அல்லன் என்று அதில் முறையிடுகிறாள். எழுதி முடித்ததும் இளங்கோவடிகள் சொல்வது: 'வசந்த மாலையை வருகெனக் கூஉய்.' இளவேனிலைப் பற்றிய கடிதத்தை வசந்தத்தின் பெயர் கொண்டவள் சுமந்துகொண்டு கடைத்தெருவுக்குப் போகிறாள்.

கோவலன் அதை வாங்கவில்லை. ஆடல் மகள்தானே, நடிப்பது அவளுக்குப் பழக்கம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறான். வசந்தமாலை வாடிப்போய்த் திரும்பி வருகிறாள். அவளிடம்தான் மாதவி அந்த வரியைச் சொல்கிறாள்: 'மாலை வாரார் ஆயினும் மாணிழை காலை காண்குவம்.' மாலையில் வராவிட்டால் என்ன, காலையில் பார்ப்போம். காலையில் கோவலன் கண்ணகியோடு மதுரை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

மணிமேகலையில் இவள் மறுபடியும் வருகிறாள். அங்கே வயந்தமாலை. வசந்தம் வயந்தம் ஆகித் தமிழ் உச்சரிப்புக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அங்கும் அவள் தூதுதான் போகிறாள். இந்திர விழாவுக்கு ஆட வரச் சொல்லி சித்திராபதி அனுப்ப, துறவு பூண்ட மாதவி மறுத்துவிட, பெருங்கடலில் மாமணியை வீழ்த்தியவர் போலக் கையற்றுத் திரும்புகிறாள். இரண்டு காப்பியங்களிலும் அடுத்தவர் சொல்லைச் சுமந்து போய் வெறுங்கையோடு திரும்புவதுதான் அவளுக்குக் கிடைத்த வேலை.

மாதவி என்ற பெயரும் இதே வீட்டைச் சேர்ந்ததுதான். வேதகாலத்தில் வசந்தத்தின் இரு மாதங்களுக்கு மது, மாதவம் என்று பெயர். அந்தப் பருவத்தில் பூக்கும் கொடி மாதவி; நாம் குருக்கத்தி என்கிறோம். ஆக, வேனிற்காதையில் எழுதியவளும் வசந்தம், கொண்டு போனவளும் வசந்தம், எழுதப்பட்ட பொருளும் வசந்தம்.

இங்கே எனக்கு ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. புகாரில் மாதவியும் வசந்தமாலையும் கணிகையர் வீதிக்காரர்கள். உஜ்ஜயினியில் நடப்பதாகச் சூத்திரகர் எழுதிய மிருச்சகடிகத்தின் நாயகி வசந்தசேனை. அவளும் கணிகை, ஏழையாகிப்போன சாருதத்தனை விரும்பியவள், அவன் பிள்ளையின் மண் வண்டி நிறையத் தன் நகைகளைக் கழற்றிப் போட்டவள். தொடர்பே இல்லாத கொரியாவில் பான்சோரி என்னும் கதைப்பாட்டைப் பாடுகிறவர்கள் இன்றும் பாடும் சுன்ஹ்யாங் கதையை எடுத்துக்கொண்டால், சுன்ஹ்யாங் என்றால் வசந்தத்தின் நறுமணம். அவள் நம்வோன் ஊரில் கீசாங் எனப்படும் கணிகை ஒருத்தியின் மகள். கொடிய அதிகாரிக்கு இணங்க மறுத்துச் சிறையில் கிடந்து ஒருவனுக்காகக் காத்திருந்தவள். மூன்று நாடுகளில், மூன்று மொழிகளில், வசந்தத்தின் பெயரைச் சுமந்தவர்கள் ஒரே வகை வீடுகளில் பிறந்திருக்கிறார்கள். ஊர் அவர்களை நிலையற்றவர்கள் என்றது. கதை அவர்களை நிலைத்து நின்றவர்கள் என்று காட்டியது. காமனுக்குத் துணைவன் வசந்தன் என்பதால் அந்தப் பெயர் அந்த வீதிக்குப் போயிருக்கலாம். பெயரை வைத்தவர்கள் நினைத்தது ஒன்று, தாங்கியவர்கள் அதை ஆக்கியது வேறொன்று.

குடும்பப் பெண்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியின் தலைவி வசந்தவல்லி. பந்தாடிக்கொண்டிருந்தவள் உலா வந்த குற்றாலநாதர்மேல் மையல் கொள்ள, குறத்தி சிங்கி வந்து கைபார்த்துக் குறி சொல்கிறாள். இங்கே வசந்தம் தோழியின் இடத்திலிருந்து தலைவியின் இடத்துக்கு ஏறிவிட்டது. இருந்தாலும் அது ஏட்டில்தான். தெருவில் திரும்பிப் பார்த்தால் பேச்சியம்மாள், கருப்பாயி, மூக்கம்மாள், அங்கம்மாள். சாமிக்கும் முன்னோருக்கும் சொந்தமான பெயர்கள்.

இருபதாம் நூற்றாண்டில் ஒரு திசையிலிருந்து எதிர்பாராத காற்று அடித்தது. அன்னி பெசன்ட் 1893இல் இந்தியா வந்தார். 1907இல் பிரம்மஞான சபைத் தலைவர், 1917இல் காங்கிரஸின் முதல் பெண் தலைவர். பெசன்ட் என்ற பெயரை இந்திய நாக்குகள் வசந்தா ஆக்கிக்கொண்டன. அடையாற்றில் 1908இல் தொடங்கிய அச்சகம் வசந்தா பிரஸ். 1913இல் காசியில் அவர் தொடங்கிய பெண்கள் கல்லூரி வசந்தா கல்லூரி. ஓர் ஐரிஷ் குடும்பத்துப் பெண்மணியின் பெயருக்கும் நம் இளவேனிலுக்கும் வேர் உறவு ஒன்றுமில்லை, ஒலி உறவுதான். ஆனால் அந்த ஒலியால் வசந்தா என்பது படிப்பின் பெயராகவும் மேடையேறிப் பேசும் பெண்ணின் பெயராகவும் ஒரு தலைமுறையின் காதில் விழுந்தது.

அடுத்து வந்தது பாட்டு. வசந்தா என்றே ஒரு ராகம் இருக்கிறது. சூரியகாந்தம் என்ற தாய் ராகத்திலிருந்து பிறந்தது, மாலைப்பொழுதுக்குரியதாகச் சொல்வார்கள். வானொலி 1938இல் சென்னைக்கும் 1939இல் திருச்சிக்கும் வந்தபோது, பெட்டிக்குள்ளிருந்து கேட்ட பெண் குரல்களில் இரண்டு வசந்தங்கள் இருந்தன. காமாட்சியாகப் பிறந்து என்.சி. வசந்தகோகிலம் ஆனவர், 1951இல் முப்பத்திரண்டு வயதுக்குள் மறைந்துபோனவர். அந்தக் குரலின் கூர்மையை இசைத்தட்டில் கேட்டால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. மற்றவர் 1928இல் பிறந்த எம்.எல். வசந்தகுமாரி. இசையும் நடனமும் கற்ற பெண்களின் பெயர் கச்சேரி மேடை வழியாக நடுவீட்டுக்குள் நுழைந்தது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டதும் 1947இல்தான். ஒரு வீதிக்கு மட்டும் உரியதாக இருந்த பெயர், அந்த வீதி கலையும் காலத்தில், பொதுச்சொத்தாகி ஊரெங்கும் பரவியது. அந்த ஆண்டுதான் புது மண்டபத்துத் தையல்காரர் தன் மகளுக்கு அதை வைத்தார். அவருக்கு இவை எதுவும் தெரிந்திருக்காது. மண்டபத்தின் பெயரும் மாலையில் கேட்ட நாகசுரமும் மட்டும் தெரியும்.

பரவியது என்றேன். எவ்வளவு பரவியது என்பதை அம்மாவிடம்தான் கேட்டேன். பள்ளியில் அவள் வகுப்பில் மூன்று வசந்தாக்கள். வாத்தியார் உயரப்படி எண் கொடுத்திருந்தார். அம்மா இரண்டாம் வசந்தா. பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே நான்கு பேர். வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் கால் போர்டில் வரிசையாக உட்கார்ந்து, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, இணைப்புக் கம்பிகளைச் செருகி எடுப்பவர்கள். சூப்பர்வைசர் "வசந்தா" என்று கூப்பிட்டால் நான்கு தலைகள் திரும்பும் என்பதால் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். ஒருவர் கிறித்தவர். ஒருவர் கன்னடம் பேசுகிறவர். சாதி, சமயம், தாய்மொழி எல்லாம் வேறு, பெயர் ஒன்று.

இந்தப் பெயரின் வெற்றிக்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். சரோஜா, விமலா, நிர்மலா, கமலா வரிசையில் அது சேர்ந்துகொண்டது. அதில் எந்தச் சாமியும் இல்லை. சைவம், வைணவம் என்ற கோடு இல்லை. கேட்டவுடன் ஊரையோ குலத்தையோ காட்டிக்கொடுக்காது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் முதன்முதலாகப் பெயர் எழுதப்பட்ட பெண்களின் தலைமுறைக்கு அப்படி ஒரு பெயர் பெரிய விடுதலை. பேச்சியம்மாள் என்றால் வாசலிலேயே எல்லாம் தெரிந்துவிடும். வசந்தா என்றால் உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் தெரியும். தாத்தா இதையெல்லாம் யோசித்தாரா என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. ஆனால் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த மனிதர், பெயரும் ஓர் உடுப்பு என்பதை அறியாமலா இருந்திருப்பார்?

வசந்தா முதலில் வந்தாள். வசந்தி பின்னால் வந்தாள். சாந்தி, ஜெயந்தி, மாலதி, வாசுகி என்று இகரத்தில் முடியும் பெயர்கள் அறுபதுகளில் எங்கள் தெருவை நிறைத்தன. என் வகுப்பில் வசந்தாவே கிடையாது, வசந்திகள்தான். இலக்கணப்படி பார்த்தால் வடமொழியில் வசந்த என்பது ஆண்பால், அதிலிருந்து பிறக்கும் பெண்பால் வடிவம் வாசந்தி. வங்காளத்தில் அது பாசந்தி ஆயிற்று. சித்தரஞ்சன் தாஸின் மனைவி பாசந்தி தேவி 1921இல் தெருவில் இறங்கிக் கதர் விற்றுக் கைதானவர். மராட்டியத்தில் வசந்த் ஆண்பிள்ளைப் பெயர். வசந்தராவ் நாயக் அங்கே முதலமைச்சராக இருந்தவர். இலங்கையில் சிங்களவர்களிடம் வசந்த என்றால் ஆண். ஆகாரம் சேர்த்து அதைப் பெண்ணாக்கிச் சீராட்டியது பெரும்பாலும் தெற்கேதான்.

இன்னும் தள்ளிப் போனால் வியப்பு கூடுகிறது. பாரசீகத்தின் பஹார், உருசியத்தின் வெஸ்னா, லத்தீனின் வேர் ஆகியவை வசந்தத்தோடு ஒரே தொல்வேரில் கிளைத்தவை என்பது மொழியியலாளர்களின் முடிவு. ஈரானிலும் துருக்கியிலும் பஹார் என்று பெண்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். செர்பியாவிலும் சுலோவேனியாவிலும் வெஸ்னா என்கிறார்கள். ஆகவே அம்மாவுக்குத் தெஹ்ரானிலும் பெல்கிரேடிலும் பெயரொத்த சகோதரிகள் உண்டு. லித்துவேனிய மொழியில் இதே வேரிலிருந்து வந்த வசரா என்ற சொல்லுக்குப் பொருள் கோடை. அதைப் படித்தபோது சத்தமாகவே சொல்லிவிட்டேன்: பால்டிக் கரையில் குளிரில் வாழ்கிறவர்களுக்கும் இந்தச் சொல் வெயிலில்தான் போய் நின்றிருக்கிறது, நம் இளவேனிலைப் போல.

எண்பதுகளுக்குப் பிறகு வசந்தா தேய்ந்தாள். புதிய திருமண அழைப்பிதழ்களில் அந்தப் பெயர் மணமகளுக்கு இருக்காது. 'இன்னாரின் பேத்தியும்' என்ற வரியில் இருக்கும். பெயர்களுக்கு இது நேர்வதுதான். ஒரு தலைமுறை ஆசையாக எடுத்து உடுத்துகிறது, அடுத்தது அம்மாவின் புடவையாக மடித்து வைக்கிறது, மூன்றாவது பெட்டியைத் திறந்து "இது எவ்வளவு அழகு" என்கிறது. என் அக்கா மகள் அந்த மூன்றாம் தலைமுறை.

தமிழ்ப் பெயர் விரும்புகிறவர்கள் இடையில் வேறு வழி கண்டார்கள். 1916இல் தமிழறிஞர் வேதாசலம் தன் வடமொழிப் பெயரை விட்டு மறைமலை அடிகள் ஆகிக்கொண்ட நாளிலிருந்து அந்த வழி திறந்திருக்கிறது. வசந்தத்தை விட்டு இளவேனிலுக்கே திரும்பினார்கள். கடலூரில் 1999இல் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் அந்தப் பெயரை ஒலிம்பிக் வரை கொண்டு போனார். அவர் பிறந்தது ஆகஸ்டில். கார்த்திகையில் பிறந்த வசந்தாவை அறிந்த எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

தேடியதையெல்லாம் ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன். நாயக்கரையும் பெசன்ட் அம்மையாரையும் பொறுமையாகக் கேட்டாள். வசந்தமாலை தாழை மடலைக் கொண்டுபோன இடம் வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "கடிதத்தை வாங்கவே இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். "அவள் திரும்பி வந்து என்ன சொன்னாள்?" வாடிப்போய் வந்து நடந்ததைச் சொன்னாள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"நைட் டூட்டியில் ஓர் அம்மா பம்பாய்க்கு அர்ஜென்ட் கால் போடுவாள். மகன் அங்கே வேலையில் இருந்தான். எதிர்முனையில் அவன் இல்லை என்று சொல்லச் சொல்வான். அவன் குரல் எனக்குத் தெரியும். அந்த அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும், 'பார்ட்டி இல்லை, அம்மா' என்று. எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நாளைக்குப் போடுங்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன். அப்படிச் சொல்லக் கூடாது, விதி கிடையாது. ஆனாலும் சொல்வேன்."

காலை காண்குவம். எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த வரியை அவளுக்கு நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அன்றுதான் வேண்டாம் என்றதற்குக் காரணமும் சொன்னாள். அவளுக்குத் தன் பெயர்மேல் வெறுப்பு இல்லை. அந்தப் பெயரால் அப்பத்தாவின் பெயர் அறுந்துபோய்விட்டதே என்ற உறுத்தல்தான். பேச்சியம்மாள் சாகக் கிடந்த நாட்களில் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பெயரைச் சொல்லி உன்னை யார் கூப்பிடப் போகிறார்கள்" என்று கேட்டாளாம். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அது மனதில் தைத்துவிட்டது. "இன்னொரு பிள்ளைக்கும் வசந்தா என்று வைத்தால் அவளை இரண்டாம் முறையும் தள்ளிவைத்தது போல ஆகும்" என்றாள்.

அக்கா மகளிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் யோசித்தாள். பேச்சியம்மாள் என்று வைக்க அவளுக்குச் சம்மதம். அவள் கணவர் வீட்டில் ஒப்பவில்லை. குழந்தையின் பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். பெயரை எழுத ஓராண்டுவரை கட்டணமில்லாமல் அவகாசம் உண்டு, பொறுத்துச் செய்யலாம் என்று சமாதானம் சொன்னேன். சித்திரை இரண்டாம் வாரம் பெண் பிறந்தாள். வேப்பம்பூ உதிர்ந்து வாசல் முழுவதும் வெள்ளையாகக் கிடந்த நாள். மருத்துவமனையிலிருந்து வந்ததும், ஒரு முடிவோடு வந்தவளாக அக்கா மகள் சொன்னாள்: "வேனில். அவ்வளவுதான். அம்மாச்சி பெயரின் பொருளும் இருக்கிறது, அவர்கள் வேண்டாம் என்றதும் நடந்துவிட்டது."

பெயர் சூட்டும் நாளில் குழந்தையை அம்மாவின் மடியில் வைத்தார்கள். குனிந்து காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். முதல் முறை "வேனில்" என்றது எல்லோருக்கும் கேட்டது. இரண்டாம் முறையும் கேட்டது. மூன்றாம் முறை அம்மா இன்னும் தாழக் குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டாள். குழந்தை கையை விரித்துச் சிணுங்கியது.

கூட்டம் கலைந்து பாத்திரங்களை எடுத்து வைக்கும்போது கேட்டேன், "மூன்றாவது தடவை என்னம்மா சொன்னாய்?"

"பேச்சி என்றேன்."